முடியை வெளுக்க எந்த முறை சரிவரும்? ப்ளீச் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். இயற்கையான கறுப்பு முடி, முதுகின் பாதி வரை நீளம். இதுவரை ப்ளீச் பட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை மாதம் ஒருமுறை கடைப் பாக்கெட் மருதாணி போட்டுவந்தீர்கள், பிறகு நிறுத்திவிட்டீர்கள். இப்போது தேன் நிறத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. ஹைலைட்ஸ், பாலயாஜ், ஓம்ப்ரே, குளோபல் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாறே போதும் என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் சலூனில் உட்கார நேரம் இல்லை. காதோரம் நரையும் எட்டிப் பார்க்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தை ஒட்டி விழும் முன்முடியில் மட்டும், அலுமினியத் தாளில் மடித்து வெளுக்கும் மெல்லிய ஃபாயில் கீற்றுகளோடு ஆரம்பியுங்கள். பின்பக்கத்து நீள முடியை இப்போதைக்குத் தொட வேண்டாம். பிரஷ்ஷால் தீட்டி வெளுக்கும் பாலயாஜ் உங்கள் வாழ்க்கை முறைக்குப் பொருந்தும், ஆனால் இன்று உங்கள் தலையில் இருக்கும் முடிக்குப் பொருந்தாது. இது கொஞ்சம் முரணாகத் தெரியும், அதனால் காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

பல வருடங்களாக முடிக்கு நிறம் போடும் வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இந்த நிறம் எனக்கு வருமா என்றுதான் கேட்பார்கள். எனக்கு நிறம் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, ப்ளீச் தலைத்தோலிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொடங்கப்போகிறது என்பது. இரண்டாவது, அது படப்போகும் முடிக்கு என்ன வயது, இதுவரை அது என்னவெல்லாம் பட்டிருக்கிறது என்பது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எந்த முறை என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

முடியின் வயதைக் கணக்கிடுவது எளிது. தலைமுடி சராசரியாக மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரும் அதற்குச் சற்று மேலும் வளரும். முதுகின் பாதி வரை தொங்கும் முடி 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனி நாலைந்து வருடத்துக்கு முன்பு முளைத்தது. நீங்கள் மருதாணியை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அப்படியென்றால் வேரிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் வரைதான் எதுவும் படாத புது முடி. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மருதாணி ஏறிய முடி, அதுவும் நுனிக்குப் போகப் போகப் பல அடுக்காக ஏறியது. பார்த்தால் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். ப்ளீச் பட்டவுடன்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, ப்ளீச் என்ன செய்கிறது என்பது. முடியின் வெளிப்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். நிறம் தரும் மெலனின் அதற்கு உள்ளே இருக்கிறது. ப்ளீச் பவுடரில் பெர்சல்பேட் உப்புகள் உண்டு. அதோடு கலக்கும் டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்தக் கலவையின் காரத்தன்மை செதில்களைத் திறந்துவிட, பெராக்சைடு உள்ளே போய் மெலனினைச் சிதைக்கிறது. 1818-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டுபிடித்த பொருள் அது. இருநூறு வருடம் கழித்தும், ஹைலைட்ஸ் ஆனாலும் பாலயாஜ் ஆனாலும், வெளுக்கும் வேலையைச் செய்வது அதுதான். பெயர்கள் எல்லாம் அந்தக் கலவையை எந்த இடத்தில், எவ்வளவு முடியில், எப்படித் தடவுகிறோம் என்பதைத்தான் குறிக்கின்றன. புதிதாக ஒரு பெயர் காதில் விழுந்தால் பயப்படாமல் இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்.

கறுப்பு முடி நேராகத் தேன் நிறத்துக்குத் தாவாது. முதலில் அடர் சிவப்பு, பிறகு சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வெளிர் மஞ்சள் என்று படிப்படியாகத்தான் போகும். கறுப்பும் பழுப்பும் தரும் மெலனின் முதலில் உடைகிறது, சிவப்பும் மஞ்சளும் தரும் வகை பிடிவாதமாக நிற்கிறது, அதனால்தான் இந்த வரிசை. நாங்கள் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை லெவலாகச் சொல்வோம். 1 ஆழ்ந்த கறுப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். இயற்கையான கறுப்பு முடி பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். நீங்கள் கேட்கும் தேன் நிறம் 7 அல்லது 8. ஆக நான்கைந்து படியாவது ஏற வேண்டும், ஆனால் வெளிர் மஞ்சள் வரை போகத் தேவையில்லை. ஆரஞ்சு தாண்டி மஞ்சள் எட்டும் இடத்தில் நிறுத்தி, மேலே டோனர் என்னும் மெல்லிய சாயம் போட்டால் போதும். இது உங்களுக்கு நல்ல செய்தி. சாம்பல் பூத்த பொன்னிறமோ வெள்ளி நிறமோ கேட்டிருந்தால், பல அமர்வுகள், இடையில் சில வாரங்கள் இடைவெளி, அதற்கப்புறமும் முடி தாங்குமா என்ற கவலை என்று எல்லாமே வேறு கணக்காகியிருக்கும்.

டெவலப்பரின் எண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 10, 20, 30, 40 வால்யூம் என்பவை முறையே 3, 6, 9, 12 சதவீதப் பெராக்சைடு. எண் கூடினால் வேகம் கூடும், சேதமும் கூடும். தலைத்தோலில் படும் எந்த வேலைக்கும் 40-ஐ நான் தொடுவதில்லை. அவசரமாக 40-ல் ஏற்றிய முடியையும், பொறுமையாக 20-ல் ஏற்றிய முடியையும் ஈரமாக இருக்கும்போது விரலால் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒன்று பஞ்சு போல ஊதி நிற்கும், மற்றது இன்னும் முடியாகவே இருக்கும்.

சரி, இனி முறைகள்.

குளோபல் என்றால் முழுத் தலையும் வேரிலிருந்து வெளுப்பது. பார்க்க அழகு, பராமரிப்பதோ மிகக் கடினம். தலைத்தோலின் சூட்டால் வேரை ஒட்டிய ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மற்ற இடத்தைவிட வேகமாக வெளுத்துவிடும். அதனால் முதல் முறை செய்யும்போது நடுமுடியில் முதலில் தடவி, வேரைக் கடைசியில் தொட வேண்டும். பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் புதிதாக வளர்ந்த வேரை மட்டும் மறுபடி வெளுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் வளர்ந்த முடி அந்தச் சூட்டு எல்லையைத் தாண்டிவிடும். வேர் ஒரு நிறம், அதற்குக் கீழே ஆரஞ்சில் ஒரு பட்டை, அதற்கும் கீழே வேறு நிறம் என்று வந்து சேரும். ஒவ்வொரு முறையும் கலவை பழைய வெளுத்த முடியின் மேல் வழிந்தால் அந்த இடத்தில்தான் முடி அறுந்து விழும். வருடத்துக்கு மூன்று முறை மட்டுமே வரமுடியும் என்கிற ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பாது.

ஃபாயில் ஹைலைட்ஸில் மெல்லிய கற்றைகளைப் பிரித்து, அலுமினியத் தாளில் வைத்துத் தடவி மடித்துவிடுவோம். வேருக்கு மிக அருகில் தொடங்கலாம், ஆனால் தோலில் படாது. கற்றை எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வளரும்போது கோடு தெரியாது. தடித்த பட்டைகளாகப் போட்டால் இரண்டே மாதத்தில் வேரில் வரிவரியாகத் தெரியும். குழந்தைகளின் முடியில் வெயில் பட்டுத் தெரியும் இழைகளைப் போல மிக நுணுக்கமாகப் போடுவதைப் பேபிலைட்ஸ் என்பார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் மூன்று நான்கு மாதம் வரை கண்ணை உறுத்தாமல் வளரும்.

பாலயாஜ் என்பது துடைப்பத்தால் பெருக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1970-களில் பாரிஸ் சலூன்களில் வளர்ந்த முறை. பிரஷ்ஷால் முடியின் மேற்பரப்பில் துடைப்பம் இழுப்பது போலத் தீட்டுவார்கள். வேரில் லேசாகவோ, அங்கே தொடாமலோ தொடங்கி, நுனிக்குப் போகப் போக அடர்த்தியாக்குவார்கள். வேரில் கோடே விழாது என்பதால் நான்கு, ஐந்து, ஆறு மாதம்கூட விட்டுவைக்கலாம். ஓம்ப்ரே இன்னும் கீழே, பாதி முடிக்கு மேல் தொடாமல், நுனிப் பக்கம் முழுவதையும் வெளுப்பது. இரண்டும் ஒன்றல்ல: பாலயாஜ் தீட்டும் விதத்தின் பெயர், ஓம்ப்ரே கடைசியில் தெரியும் தோற்றத்தின் பெயர்.

பாலயாஜில் கறுப்பு முடிக்காரர்களிடம் பலர் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. திறந்தவெளியில் தீட்டிய கலவை சீக்கிரம் காய்ந்துபோகும், காய்ந்த ப்ளீச் வேலை செய்வதை நிறுத்திவிடும். ஏற்கெனவே பழுப்பாக இருக்கும் முடிக்கு அந்த அளவு போதும். கறுப்பு முடியில் அது ஆரஞ்சிலேயே நின்றுவிடும். படத்தில் பார்த்த தேன் நிறத்துக்குப் பதிலாகச் செம்பு நிறத்தோடு வீடு திரும்பி வருத்தப்படுகிறவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான். அதற்காகத்தான் பாலயாஜ் போலத் தீட்டிவிட்டு ஃபாயிலில் மடிக்கும் ஒரு கலப்பு முறை இருக்கிறது, ஃபாயிலாஜ் என்பார்கள். ஈரமும் சூடும் உள்ளேயே நிற்பதால் இன்னும் இரண்டு படி ஏறும். உங்கள் முடிக்குப் பாலயாஜ் செய்யும் நாள் வந்தால், அது ஃபாயிலில் மடிக்கும் விதமாக இருக்கட்டும்.

இப்போது அந்த முரண். நேரம் இல்லாதவர்களுக்குப் பாலயாஜும் ஓம்ப்ரேயும்தான் தோது. ஆனால் அவை தீட்டப்படுவது முடியின் கீழ்ப்பாதியில். உங்கள் கீழ்ப்பாதி முழுவதும் மருதாணி.

மருதாணியைக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சுத்தமான மருதாணி இலையின் நிறமி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ப்ளீச் உள்ளிருக்கும் மெலனினை எடுத்தாலும் மருதாணியின் செம்மை பிடிவாதமாகத் தங்கும், பளிச்சென்ற ஆரஞ்சில் நிற்கும். முடி கெடாது, நிறம்தான் வழிக்கு வராது. மருதாணியோடு நீலச் சாயம் தரும் அவுரி கலந்து போட்டிருந்தால், வெளுக்கும்போது பச்சை சாயல் எழக்கூடும். உண்மையில் ஆபத்தானது மூன்றாவது வகை: சீக்கிரம் நிறம் ஏற வேண்டும் என்று உலோக உப்புகள் சேர்த்த பொடிகள். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் வேகமாகச் சூடாகும். புகை வரலாம், முடி அந்த இடத்திலேயே அறுந்துபோகலாம்.

என் கையிலேயே ஒருமுறை இது நடந்திருக்கிறது. வந்தவர் இயற்கை மருதாணி மட்டும்தான் என்று மனதார நம்பிச் சொன்னார், நானும் நம்பினேன். ஃபாயிலை மடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தாளின் மேல் கை வைத்தால் சுட்டது. உடனே எல்லாவற்றையும் பிரித்துக் குளிர்ந்த நீரில் அலசினோம். மூன்று கற்றைகள் போய்விட்டன. அவர் அழவில்லை, ஆனால் கண்ணாடியைப் பார்த்த அந்தப் பார்வை எனக்கு மறக்காது. அன்றிலிருந்து, மருதாணி என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு சிறு கற்றையை வெட்டிச் சோதிக்காமல் நான் பவுடரைத் திறப்பதே இல்லை.

அந்தச் சோதனை எளிதானது. பின்கழுத்துப் பக்கம் வெளியே தெரியாத இடத்தில் சில இழைகளை வெட்டி, 20 வால்யூம் டெவலப்பரில் சில துளி அம்மோனியா கலந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் அரைமணி நேரம் போட்டு வைக்க வேண்டும். நுரைத்தாலோ, சூடானாலோ, மோசமான வாடை வந்தாலோ, சட்டென்று நிறம் மாறினாலோ உலோக உப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த முடிக்கு ப்ளீச் கூடாது, வளர்ந்து வெட்டிப்போகும் வரை காத்திருப்பதுதான் வழி. எதுவும் நடக்கவில்லை என்றால் அடுத்து இன்னொரு கற்றையில் உண்மையான ப்ளீச் கலவையையே தடவிப் பார்க்க வேண்டும். எந்த நிறம் வரை ஏறுகிறது, ஈரமாக இழுத்தால் திரும்பச் சுருங்குகிறதா, இல்லை ரப்பர் போல நீண்டு அறுகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு நுனியிலிருந்து ஒரு கற்றை, வேர்ப் பக்கத்திலிருந்து ஒரு கற்றை என இரண்டும் எடுங்கள், உங்கள் தலையில் இருப்பது இரண்டு வேறு முடி.

முடியை நேராக்கும் ரீபாண்டிங், ஸ்மூத்னிங், சுருளாக்கும் பெர்மிங் செய்த முடிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அந்த ரசாயனங்கள் முடியின் உள்பிணைப்புகளை ஏற்கெனவே ஒருமுறை உடைத்துச் சேர்த்தவை. அதன் மேல் ப்ளீச் என்பது இரண்டாவது அடி. உங்களுக்கு இது இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் என் பதில் முழுவதுமே மாறியிருக்கும், அதனால் மறந்திருந்தால் நினைவுபடுத்திப் பாருங்கள்.

ப்ளீச்சே வேண்டாம் என்றால்? சாதாரண நிரந்தர ஹேர் கலரே, தகுந்த டெவலப்பரோடு, இயற்கையான முடியை இரண்டு மூன்று படி வெளுக்கும். கறுப்பு முடியில் அது கதகதப்பான அடர் பழுப்பாக, வெயிலில் மட்டும் செம்மை காட்டும் நிறமாக வரும். தேன் நிறம் வராது. அந்த அளவே போதும் என்று தோன்றினால் தயங்காமல் அதையே எடுங்கள், முடிக்குச் சேதம் மிகக் குறைவு. ஆனால் ஏற்கெனவே செயற்கைச் சாயம் ஏறிய முடியை இன்னொரு சாயத்தால் வெளுக்க முடியாது. கறுப்புச் சாயம் போட்டவர்கள் மேலே பழுப்புச் சாயம் பூசி, வேர் மட்டும் பழுப்பாகி மீதி அப்படியே நிற்பதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் நிற்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்கெனவே வெளிர்ந்த முடியில் கொஞ்சம் பலன் தெரியும். கறுப்பில் வறட்சிதான் மிஞ்சும். அதைவிட முக்கியம், எலுமிச்சை வகைச் சாறு தோலில் பட்டு அதன் மேல் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். தேன், கெமோமில் போன்றவை கெடுதல் இல்லை, ஆனால் நான்கைந்து படி ஏற்றும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும்: துணிக்கும் தரைக்கும் பயன்படுத்தும் குளோரின் ப்ளீச் வேறு, முடிக்கான ப்ளீச் வேறு. குளோரின் ப்ளீச் முடியையே கரைக்கும், தோலைச் சுடும். பெயர் ஒன்றாக இருப்பதால் சிலர் குழம்பிவிடுகிறார்கள்.

நரைக்கு வருவோம். நரைத்த இழையில் மெலனின் இல்லை, அதனால் ப்ளீச்சால் அதற்கு ஆவது ஒன்றுமில்லை. ஆனால் சுற்றியுள்ள கறுப்பில் மெல்லிய வெளிர் கீற்றுகள் சேரும்போது நரை அவற்றில் ஒன்றாகக் கலந்துவிடும். முழுக் கறுப்புச் சாயம் போட்டால் மூன்றே வாரத்தில் வேரில் வெள்ளைக் கோடு தெரியும். கீற்றுகள் இருந்தால் அந்தக் கோடு உருவாகவே வழியில்லை. காதோரமும் நெற்றியோரமும் நரைக்கத் தொடங்கும் வயதில் ஃபாயில் கீற்றுகளை எனக்கு மிகவும் பிடிக்கும், அதற்கு இதுவே காரணம். ஓம்ப்ரே இந்த விஷயத்தில் உதவாது. அது நுனியில் இருக்கும், நரையோ வேரில் இருக்கும்.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முடியின் தன்மை பற்றிச் சில வார்த்தைகள். சுருள் முடி வெளுத்தால் சுருள் கொஞ்சம் தளரும், வறட்சியும் கூடும். அங்கே நேர்க்கோடாகப் பிரித்து ஃபாயில் போடாமல், ஒவ்வொரு சுருளையும் அது விழும் விதத்திலேயே பார்த்துத் தீட்டுபவரைத் தேடுங்கள். மெல்லிய இழை முடி சீக்கிரம் வெளுக்கும், அதே சீக்கிரத்தில் உடையும். நுணுக்கமான கீற்றுகள் அதற்கு அடர்த்தி இருப்பது போன்ற தோற்றம் தரும். கழுத்துக்கு மேல் நிற்கும் குட்டை முடியில் பாலயாஜின் அழகு தெரியாது, தீட்டி மங்கவைக்க நீளம் வேண்டும்.

தோல் நிறத்துக்கு ஏற்ற முடி நிறம் என்று நிறைய எழுதுகிறார்கள். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முகத்துக்கும் முடிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு தெரிகிறது என்பதுதான் கண்ணுக்கு முதலில் படுகிறது. கறுத்த புருவத்தோடு வெளிர் பொன்னிறம் ஒரு துணிச்சலான தோற்றம், அதை விரும்புகிறவர்களுக்கு அது நன்றாகவே இருக்கும். இயல்பாகத் தெரிய வேண்டும் என்றால் உங்கள் முடியைவிட நான்கைந்து படிக்கு மேல் போகாதீர்கள். நீங்கள் கேட்ட தேன் நிறம் அந்த விளிம்பில் இருக்கிறது. கேரமல் போன்ற லெவல் 6-ல் நிறுத்தினாலும் கறுப்பு முடிக்கு நடுவே அது போதிய வெளிச்சமாகத் தெரியும். படத்தில் இருப்பவரின் முடியைவிட உங்கள் முடி கறுப்பு என்றால், அதே நிறம் உங்கள் தலையில் இன்னும் வெளிறியதாகத் தோன்றும்.

டோனர் என்பது வெளுத்த முடியின் மேல் போடும் மெல்லிய சாயம். மஞ்சளை ஊதா அடக்கும், ஆரஞ்சை நீலம் அடக்கும், சிவப்பைப் பச்சை அடக்கும். இது நான்கிலிருந்து எட்டு வாரத்தில் கழுவிப்போகும், பிறகு அடியில் இருந்த சூடான நிறம் மேலே வரும். நிறம் போய்விட்டதே என்று மறுபடி ப்ளீச் செய்யாதீர்கள், டோனரை மட்டும் புதுப்பித்தால் போதும், அரைமணி நேர வேலை. ஊதா ஷாம்பு வாங்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். அது மஞ்சளுக்கானது. கறுப்பிலிருந்து ஏறிய முடியில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஆரஞ்சுதான், அதற்கு நீல ஷாம்பு வேண்டும். தேன் நிறத்துக்குக் கொஞ்சம் பொன் சாயல் இருந்தால்தான் அழகு என்பதால் அதையும் வாரம் ஒருமுறைக்கு மேல் போட வேண்டாம்.

சலூனுக்குப் போகும் முன் சில காரியங்கள். டோனரிலும் சாயத்திலும் உள்ள பொருள்களுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறம் ஒரு துளி தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு தற்காலிக மருதாணிக் கோலம் என்று கறுப்புச் சாயம் கையில் போட்டு அரித்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதே வகைச் சாயப்பொருள் இங்கேயும் இருக்கக்கூடும். ஆஸ்துமா இருந்தாலும் சொல்ல வேண்டும், பெர்சல்பேட் தூள் சிலருக்கு மூச்சிழுப்பைத் தூண்டும். தலைத்தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் அது ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். அன்று காலையில் தலைகுளித்துவிட்டுப் போக வேண்டாம். ஒருநாள் இரண்டுநாள் சேர்ந்த இயற்கை எண்ணெய்ப் பசை தோலுக்கு ஒரு கவசம். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம், தோலில் படாத கீற்று முறைகளுக்கு அங்கே ஒரு கூடுதல் வசதி உண்டு.

வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: உள்ளடுக்கில் மறைந்திருக்கும் ஒரே ஒரு கற்றையை வெளுத்துப் பார்க்கலாம். முழுத் தலையை வேண்டாம். பின்பக்கத்தில் எங்கே கலவை இரண்டாவது முறை படிந்தது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

செய்தபின் முடியைப் பார்த்துக்கொள்வதும் தேர்வின் ஒரு பகுதிதான். வெளுத்த முடி தண்ணீரை வேகமாக உறிஞ்சும், வேகமாக உலரும், ஈரத்தில் எளிதாக அறும். ஈரமாக இருக்கும்போது சீப்பை இழுக்காதீர்கள். அயர்ன் போடுவதாக இருந்தால் 180 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் முடியிலிருந்து புரதம் கழிவது குறையும், அது முடிக்குள்ளே இறங்கக்கூடிய எண்ணெய். நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிடுங்கள். முன்கூட்டியே நனைந்த முடி குளத்து நீரைக் குறைவாகவே இழுக்கும். அந்த நீரில் இருக்கும் தாமிரம்தான் வெளிர்ந்த முடியில் பச்சை ஏற்றுகிறது. 2014-ல் வந்த ஓலாப்ளெக்ஸும் அதற்குப் பின் வந்த அந்த வகைப் பொருள்களும் வெளுக்கும்போது ஏற்படும் சேதத்தைக் குறைக்க உதவும். அதைப் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வெளுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கே திரும்புகிறேன். உங்களிடம் கெடாத புது முடி வேரிலிருந்து 25 சென்டிமீட்டர் இருக்கிறது. முன்முடியை மட்டும் தாடைக்குச் சற்றுக் கீழே வரும்படி வெட்டிக்கொண்டால், முகத்தின் இருபுறமும் விழும் அந்தக் கற்றைகளில் மருதாணி முடி கிட்டத்தட்ட முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விடும். அந்த முடியில் நெற்றியோரத்திலிருந்து காது வரை மெல்லிய ஃபாயில் கீற்றுகள் போடலாம். நிறம் சுத்தமாக ஏறும், நரையும் அதில் கலந்துவிடும், முகத்தில் வெளிச்சமும் வந்துவிடும். பின்னல் போடுகிறவர் என்றால் இந்தக் குட்டைக் கற்றைகள் பின்னலில் நிற்காமல் விழும், அதற்கு மனம் ஒப்புகிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நெற்றியோர முடி மற்ற இடத்தைவிட மெல்லிசு, சீக்கிரம் வெளுக்கும். எனவே அங்கே 20 வால்யூமுக்கு மேல் வேண்டாம், அதைக் கடைசியில் தடவச் சொல்லுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும், நடுவில் அரைமணி நேரம் கிடைத்தால் ஒருமுறை டோனர்.

பின்முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். இன்னும் ஒரு வருடத்தில் புது முடி தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும். தோள் நீளம் உங்களுக்குச் சம்மதம் என்றால் மருதாணி முடி முழுவதையும் எடுத்துவிட்டு, அப்போது ஃபாயிலில் மடித்த பாலயாஜ் செய்யலாம். நீளத்தை விட மனமில்லை என்றால் இப்போதே இரண்டு சோதனைக் கற்றைகளையும் செய்து பாருங்கள். உலோகம் இல்லை, கற்றை லெவல் 6 வரையாவது உடையாமல் ஏறுகிறது என்றால், நுனியில் செம்பும் மேலே தேனுமாக ஒரு தோற்றத்தைத் திட்டமிடலாம். அது நீங்கள் காட்டும் படம் போல இருக்காது, ஆனால் அதுவும் அழகுதான். நான் அப்படிச் செய்த முடிகளில் சில என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவை.

சலூனில் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியது இதுதான்: கடந்த ஐந்து வருடத்தில் முடியில் போட்ட எல்லாவற்றையும், தேதி நினைவில்லாவிட்டாலும் வரிசையாக. பாக்கெட் மருதாணியின் உறை வீட்டில் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள். சோதனைக் கற்றை எடுக்க மறுத்து, அதெல்லாம் தேவையில்லை, பார்த்தாலே தெரியும் என்று சொல்கிற இடமாக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.